இரண்டாவது திருப்பத்தில் நிற்பவன்

நாங்கள் குடியிருப்பது நாலாவது மாடியில். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. என் தம்பி வருகிறான் என்பது அவன் கதவைத் தட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். வேலைக்குப் போட்டுக்கொள்ளும் கனமான பூட்ஸைத்தான் அவன் எங்கே போனாலும் போட்டிருப்பான். அந்தச் சத்தம் கீழிருந்து ஒரே சீராக ஏறி வரும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றுவிடும். ஒரு தீக்குச்சி உரசும். பிறகு சிறிது நேரம் எதுவும் கேட்காது. அந்த நேரத்தில் நான் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன். பூட்ஸ் மறுபடி ஏறத் தொடங்கும்போது தண்ணீரும் கொதிக்கத் தொடங்கியிருக்கும்.

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் வேலை பார்க்கிறவன் காலம் முழுக்கப் படி ஏறுகிறவன் என்பது பலருக்குத் தோன்றாது. ஓடுகிற லிஃப்டுக்கு அவனை யாரும் கூப்பிடுவதில்லை. நின்றுபோன லிஃப்டுக்குத்தான் கூப்பிடுவார்கள். அந்த லிஃப்டின் மோட்டாரோ மொட்டை மாடிக்கு மேலே ஒரு தனி அறையில் இருக்கும். கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அதுவரை நடந்துதான் போக வேண்டும். "உலகத்துலயே லிஃப்டை அதிகமா நம்பாதவன் நீதான்டா மாப்பிள்ளை" என்று என் கணவர் அவனைச் சீண்டுவார். "நம்பாம இல்ல மாமா, அது எந்நேரமும் என் கையிலதான் உயிரை விடுது" என்பான்.

அப்பா போன பிறகு நானும் அவனும்தான் வீட்டில். நான் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் விரிப்பு மடிக்கும் வேலைக்குப் போனேன். அவன் பள்ளியை முடித்துவிட்டு லிஃப்ட் கம்பெனியில் எடுபிடியாகச் சேர்ந்தான். சேர்ந்த வருஷமே கதவுப் பூட்டுகளைத் தனியாகக் கழற்றி மாட்டப் பழகிக்கொண்டான். கொஞ்ச காலத்தில் மேலாள் ஆகிவிட்டான். அவர்கள் தொழிலில் மேலாள் கீழாள் என்றால் பெரியவன் சின்னவன் என்று அர்த்தமில்லை. ஒருவன் மேலே மோட்டார் அறையில் நிற்பான். இன்னொருவன் கீழே லிஃப்டின் அடிக்குழிக்குள் நிற்பான். நடுவில் கட்டடத்தின் உயரம் முழுவதும் இருக்கும். அவன் வேலை பார்த்த கட்டடத்தில் ஒரே பழுதுக்கு இரண்டாவது முறை அழைப்பு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அக்கா என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவன் கம்பெனியிலும் கேட்டுப் பார்க்கலாம்.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பார்த்த இடங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. பிறகு பார்ப்பதும் நின்றுபோனது. ஒரு அறையில் தனியாக இருந்தான். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலோரம் ஒரு தகரடப்பா. அந்த டப்பா சாம்பல் தட்டுவதற்கு.

கால் வலி முதலில் வந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவனும்தான். லிஃப்ட் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் படிவலி என்று ஒன்று உண்டு. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போவார்கள். இவனுக்கு வலித்தது முழங்காலில் அல்ல, ஆடுசதையில். கொஞ்சம் ஏறினால் கவ்விப் பிடிக்கும். நின்று ஒரு சிகரெட் பற்ற வைத்தால் விட்டுவிடும். மறுபடி ஏறுவான். மறுபடி பிடிக்கும். மறுபடி ஒன்று பற்ற வைப்பான். வலி அதிகமாக அதிகமாக அவன் நிற்கும் திருப்பங்களும் அதிகமாயின, சிகரெட்டும் அதிகமாயிற்று.

நான் விடாமல் பிடித்து, எங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் பார்க்கும் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் அவன் பாதத்தின் மேல் விரலை வைத்து நாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்த்தார். அதில் தூரத்தில் யாரோ கோணிப்பையை இழுத்துப் போவது போல ஒரு மங்கலான சத்தம் வந்தது. அவர் சுற்றி வளைக்கவில்லை.

"இது படிவலி இல்லைங்க. காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டு வருது. சிகரெட்டை விட்டுட்டு தினம் நடந்தீங்கன்னா காலைக் காப்பாத்திடலாம். விடலைன்னா முதல்ல விரல் போகும். அப்புறம் எதுவரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது."

பஸ்ஸில் வரும்போது அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தான். இறங்கும் நேரத்தில், "அந்த டாக்டரம்மா என்னைக்காவது பத்து மாடி ஏறியிருப்பாங்களா?" என்றான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். நான் கெஞ்சினேன். என் கணவர் அவன் சட்டைப் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து ஒளித்து வைத்தார். காலை இழந்த ஒருவரின் கதையைக் கொஞ்சம் கூட்டியே சொன்னார். தம்பி எதற்கும் எதிர்த்துப் பேசவில்லை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டான், குடித்த டம்ளரைக் கழுவி வைத்தான், போய்விட்டான். காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. காதுவரைக்கும் போயிற்று, காலுக்கு இறங்கவில்லை. ஒரே ஒரு முறைதான் பதில் சொன்னான்.

"நின்னு ஒண்ணு இழுத்தா வலி போயிடுதுக்கா. கண்ணால பார்க்கிறேன் இல்ல? எனக்கு அதுதான் மருந்து."

அவன் சொல்வது போலத்தான் நடந்தது. எங்கள் வீட்டுப் படியிலேயே நான் தினமும் கேட்டுக்கொண்டிருந்த விஷயம் அது.

அடுத்து வந்த மழைக்காலத்தில் ஒருநாள் வந்து உட்கார்ந்தவன், டீயைத் தொடாமல், "அன்னைக்குத் தீப்பெட்டி நனைஞ்சு போச்சுக்கா" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. துண்டு வேண்டுமா என்று கேட்டேன். அவன் தலையை ஆட்டிவிட்டு விவரமாகச் சொன்னான். ஒரு குடியிருப்பில் ஏறிக்கொண்டிருந்தபோது வலி பிடித்திருக்கிறது. திருப்பத்தில் நின்று தீக்குச்சியை உரசியிருக்கிறான். ஒன்றும் பற்றவில்லை. அக்கம்பக்கம் கேட்கவும் ஆளில்லை. குச்சிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டே நின்றவன், வலி போய்விட்டதைக் கவனித்திருக்கிறான். வாயில் வைத்த சிகரெட் பற்ற வைக்காமல் அப்படியே இருந்திருக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் அதைத் தற்செயல் என்று விட்டிருப்பார்கள். என் தம்பி அப்படி விடுகிறவன் இல்லை. அடுத்த சில நாட்கள் வேறு வேறு கட்டடங்களில் பார்த்திருக்கிறான். ஒரு திருப்பத்தில் பற்ற வைத்துக்கொண்டு நிற்பான், அடுத்ததில் பற்ற வைக்காமல் நிற்பான். ஒருமுறை பற்ற வைத்துக்கொண்டு நிற்காமலே ஏறிப் பார்த்திருக்கிறான். சிகரெட் வாயில் இருந்தும் வலி உயிர் போயிற்றாம்.

"ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா எது பழுதுன்னு தெரியாதுக்கா. புதுசா வர்ற பசங்களுக்கு நானே இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். என் கால் விஷயத்துல நிக்கிறதையும் பிடிக்கிறதையும் இத்தனை வருஷமா சேர்த்தே செஞ்சிட்டு வந்திருக்கேன். வலியை எடுத்தது நிக்கிறது. பேரு வாங்கினது சிகரெட்டு."

அவன் முகத்தில் தெரிந்தது பயம் இல்லை, கோபமும் இல்லை. வெகுநாள் கூட இருந்தவன் ஏமாற்றியிருக்கிறான் என்று தெரிந்துகொண்ட முகம். டாக்டரம்மா சொன்னது அன்றைக்குத்தான் அவன் காலுக்கு இறங்கியது என்று நினைக்கிறேன்.

தெரிந்துகொண்டால் விட்டுவிடுவான் என்று நாங்கள் நினைத்தோம். அவன் விடவில்லை. சொல்லப்போனால் அந்த நாட்களில் கூடுதலாகவே பிடித்தான். பாக்கெட்டை எடுப்பான், பார்ப்பான், உள்ளே வைப்பான், மறுபடி எடுப்பான். "என்ன மாப்பிள்ளை, முடிவெடுத்தாச்சா, இன்னும் மீட்டிங்தான் நடக்குதா?" என்று என் கணவர் கேட்பார். "விடணும் மாமா. விடத்தான் போறேன்" என்பான். எப்போது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

ஏன் தள்ளிப்போடுகிறான் என்பதை என்னிடம் மட்டும் ஒருமுறை சொன்னான். அவனுடைய கீழாள் அவனோடு பல வருஷமாக வேலை பார்ப்பவர். காலை முதல் மாலை வரை இருவரும் ஒரே லிஃப்டில்தான் வேலை செய்வார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. லிஃப்ட் ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் ஸ்பேனரால் தட்டித்தான் பேச்சு. ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் சரி. வேலை முடிந்ததும் ஆளில்லாத லிஃப்ட் பெட்டியை மேலும் கீழும் சில தடவை வெறுமனே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அந்த வெற்று ஓட்டம் முடியாமல் யாரையும் ஏறவிடக் கூடாது. அந்த நேரத்தில் கீழாள் மேலே ஏறி வந்துவிடுவார். மோட்டார் அறை வாசலில் இருவரும் ஆளுக்கொன்று பற்ற வைத்துக்கொண்டு, ஓட்டத்தைக் காதால் கேட்டபடி நிற்பார்கள். அன்றைக்கு முழுவதும் முகம் பார்த்துப் பேசுவது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

"ரூமுக்குப் போனா பேச ஆள் இல்லைக்கா. அதுதான் எனக்கு ஒரு நாள்ல பேச்சு" என்றான்.

நான் விரிப்பு மடிக்கிறவள். இரண்டு முனையிலும் ஆள் பிடித்தால்தான் பெரிய விரிப்பு ஒழுங்காக மடியும். அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனாலும் காலைப் பற்றித்தான் பேசினேன். வேறு என்ன பேசுவது?

ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் கம்பிக் கயிறு மாற்றும் வேலை வந்தது. அது முடிந்த மறுநாள் விடுவது என்று அவனாகவே முடிவு செய்தான். அதன்பிறகு எல்லாவற்றையும் பெரிய வேலைக்குத் தயார் செய்வது போலவே செய்தான். முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லி வைத்தான். டாக்டரம்மாவைத் தனியாகப் போய்ப் பார்த்து மாத்திரை வாங்கி வந்தான். அறையின் திரைச்சீலையைத் துவைத்துப் போட்டான். தகரடப்பாவைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டான். லிஃப்ட் வாசலில் மாட்டும் அறிவிப்புப் பலகை ஒன்றைக் கம்பெனியிலிருந்து எடுத்து வந்து தன் அறைக் கதவின் உட்புறம் மாட்டினான். 'பழுது பார்க்கும் வேலை நடக்கிறது. பயன்படுத்த வேண்டாம்.' அதைப் பார்த்த என் கணவர் கட்டிலில் விழுந்து சிரித்தார். "கழுத்துல மாட்டிக்கோடா, அப்பத்தான் எதுக்க வர்றவனும் ஒதுங்குவான்" என்றார். தம்பியும் சிரித்தான். ஆனால் பலகையைக் கழற்றவில்லை.

கீழாளிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லையாம். பிறகு, "அப்ப நான் யார் கூடய்யா நிக்கிறது?" என்று கேட்டாராம்.

விட்டுவிட்டான். முதல் நாட்களில் அவனைத் தொட முடியவில்லை. டீயில் சர்க்கரை அதிகம் என்பான், பிறகு இல்லவே இல்லை என்பான். உட்கார்ந்தால் கைகள் மடியில் கிடக்காமல் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டுக் கதவுக் கீல்கள் எல்லாம் அந்தக் காலத்தில்தான் கிரீச்சிடுவதை நிறுத்தின. இரண்டாவது திருப்பத்தில் பூட்ஸ் நிற்கும். தீக்குச்சி உரசாது. அந்த அமைதியில் நான் அடுப்பைப் பற்ற வைக்கவும் மறந்து நின்றிருக்கிறேன்.

ஆனால் நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கீழாள் நல்ல மனுஷர். இவன் எதிரில் பற்ற வைத்தால் இவனுக்கு ஆசை வரும் என்று, வேலை முடிந்ததும் அவர் மேலே வருவதையே நிறுத்திவிட்டார். கீழே ஜெனரேட்டர் அறைப் பக்கம் போய்ப் பிடித்துக்கொண்டார். இவன் மோட்டார் அறை வாசலில் தனியாக நின்று வெற்று ஓட்டத்தைக் கேட்டான். கீழிருந்து இரண்டு தட்டு. இவன் மேலிருந்து இரண்டு தட்டு. அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது. அவர் செய்தது இவன் நன்மைக்காக. அதனால் குறை சொல்லவும் வழியில்லை.

ஒருநாள் மாலை பூட்ஸ் மெதுவாக ஏறி வந்தது. முதல் மாடியிலேயே ஒருமுறை நின்றது. கதவைத் திறந்தேன். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான்.

"பிடிச்சிட்டேன்க்கா" என்றான்.

வேலை முடிந்ததும் இவனாகவே கீழே இறங்கி ஜெனரேட்டர் அறைப் பக்கம் போயிருக்கிறான். கீழாள் இவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்திருக்கிறார். இவன் கையை நீட்டியிருக்கிறான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரும் அத்தனை நாள் தனியாகத்தானே நின்றுகொண்டிருந்தார். இருவரும் நின்று வெகுநேரம் பேசியிருக்கிறார்கள். அதற்கடுத்த நாளும் போயிருக்கிறான். அதற்கடுத்த நாளும்.

என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அவ்வளவுதான், கதை முடிஞ்சுது" என்றார். மனசு நொந்துதான் சொன்னார். தம்பி அவரை நேராகப் பார்த்தான்.

"லிஃப்ட் ஒரு தடவை நின்னுட்டா கட்டடத்தையா இடிப்பாங்க, மாமா?"

அதற்குப் பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தான். எங்கே பழுது என்று எங்கள் இருவருக்கும் முன்னால் வாய்விட்டே யோசித்தான். புகை வேண்டும் என்று கீழே இறங்கவில்லை என்றான். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருந்தது என்றான். இங்கேயும் இரண்டைச் சேர்த்தே செய்துவந்திருக்கிறேன் என்று அவனே சொன்னபோது அவன் குரல் இறங்கிவிட்டது.

அறையில் பலகை அப்படியேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் மறுபடி விட்டான். கீழாளைச் சும்மா மேலே வரும்படி கூப்பிட்டான். அவரும் ஏறி வந்தார். இருவரும் வாசலில் நின்றார்கள். கையில் ஒன்றும் இல்லாமல் என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லையாம். அவர் மோட்டாரைப் பார்த்திருக்கிறார், வானத்தைப் பார்த்திருக்கிறார், கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார். "மழை வரும்போல" என்றிருக்கிறார். இவன் "வரலாம்" என்றிருக்கிறான். அதைச் சொல்லும்போது தம்பி சிரித்தான், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சில நாள் அப்படி வந்து பார்த்துவிட்டு அவர் வருவதைக் குறைத்துக்கொண்டார். பிறகு கம்பெனி அவரை வேறு பகுதிக்கு அனுப்பியது. புதிதாக வந்த கீழாள் பெட்டி ஓடத் தொடங்கியதும் காதில் பாட்டை மாட்டிக்கொள்கிறவர்.

அப்போதுதான் ஒருநாள், நான் வேலையில் இருக்கும்போது, அவனிடமிருந்து போன் வந்தது. என்னவோ ஏதோ என்று பதறி எடுத்தேன்.

"ஒண்ணும் இல்லைக்கா. வேலை முடிஞ்சுது. பெட்டி ஓடுது" என்றான்.

"சரி" என்றேன்.

போனை மோட்டார் பக்கம் பிடித்திருக்க வேண்டும். தாழ்ந்த குரலில் ஒரு முனகல், பிறகு ஒரு சின்ன இடி, கதவு திறந்து மூடுகிற சத்தம், மறுபடி முனகல். நான் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தலையணை உறைகளை மடித்தேன். "மேல வந்துடுச்சு" என்றான். கொஞ்சம் கழித்து, "கீழ போயிடுச்சு" என்றான். ஓட்டம் முடிந்ததும் வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து வேலை முடிகிற நாளெல்லாம் கூப்பிடுவான். நான் என்ன சமைத்தேன் என்று கேட்பான், பதிலை முழுவதும் கேட்கமாட்டான். சில நாள் இருவரும் ஒன்றுமே பேசுவதில்லை. பெட்டி ஏறுவதையும் இறங்குவதையும் அவன் அங்கேயும் நான் இங்கேயும் கேட்டுக்கொண்டிருப்போம். பழைய லிஃப்டுக்கும் புது லிஃப்டுக்கும் உள்ள சத்த வித்தியாசம் எனக்கே தெரியத் தொடங்கியது. பக்கத்து மேஜைப் பெண்கள், "யாரு, தம்பியா? மேல போறாரா கீழ வர்றாரா?" என்று கேலி செய்வார்கள்.

டாக்டரம்மா மறுபடி கருவியை அவன் பாதத்தில் வைத்தார். இந்த முறை சத்தம் தெளிவாக, அடித்து அடித்து வந்தது. தம்பி தலையைச் சாய்த்து அதைத் தொழில்காரன் காதால் கேட்டான். "மோட்டார் ஓடுதுக்கா" என்றான். கால் இனி தப்பித்துவிடும், மறுபடி பிடித்தால் மட்டும் தன்னிடம் வர வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். சொல்லும்போது அவரும் சிரித்துவிட்டார். என் தம்பி அந்தக் காலோடுதான் இன்றைக்கும் ஏறிக்கொண்டிருக்கிறான். ஆசை வருவதில்லையா என்று கேட்டேன். வருகிறது என்றான், வரட்டும் என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கீழே பூட்ஸ் சத்தம் கேட்டது. முன்பு போல இல்லாமல் நல்ல வேகத்தில் ஏறி வந்தது. இரண்டாவது திருப்பத்தில் நின்றது.

டீக்கு வைத்த தண்ணீரை இறக்கினேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தீக்குச்சி உரசவில்லை. ஆனால் பூட்ஸும் ஏறவில்லை. ரொம்ப நேரம் ஆனது போலத் தோன்றியது. மறுபடி வலி வந்துவிட்டதா, இல்லை, மறுபடி பாக்கெட்டா? கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற என் முழங்காலோடு இறங்கினேன்.

தம்பி திருப்பத்து ஜன்னலில் முழங்கையை ஊன்றி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கை காலியாக இருந்தது.

"வலிக்குதாடா?"

"இல்லைக்கா. இப்பல்லாம் எங்கயும் நிக்காம ஏறிடுவேன்."

"அப்புறம் என்ன?"

ஜன்னல் கம்பியின் துருவை நகத்தால் சுரண்டினான்.

"சும்மா நின்னேன். இங்க நின்னா யாரோ கூட நிக்கிற மாதிரி இருக்கும். பழக்கம்."

போகலாம் வா, டீ போடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவன் பக்கத்தில் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். கீழே தெருவில் ஒருவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரும் அதைப் பார்த்தோம். கையில் ஒன்றும் இல்லை, பேசவும் ஒன்றும் இல்லை. ஆனாலும் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மேல்வீட்டுப் பெண் துவைத்த துணி வாளியோடு மூச்சிரைக்க ஏறி வந்தாள். எங்களைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தாள்.

"என்ன, அக்காவும் தம்பியும் லிஃப்டுக்கா நிக்கிறீங்க?"

"ஆமாங்க" என்றான் தம்பி. "வந்தா உங்களையும் கூப்பிடுறோம்."

அவள் சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.